வெயில் தாழும்வரை காத்திருக்கும் மரபணு

லிங்கி, சிலியாவ் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டிய தாத்தா பாட்டி யாராவது இருந்தால் கேட்டுப் பாருங்கள். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனவர்கள் அவர்கள். வெயில் ஏறினால் மரம் இலைகள் வழியே நீரை இழக்கும். பால்குழாய்களில் அழுத்தம் குறைந்து பால் சரியாக இறங்காது. அதனால்தான் அந்த அவசரம்.

வெயிலைக் கணக்கிட்டு வேலை செய்யும் உயிர் கடலிலும் உண்டு. போர்ட்டிக்சன் போன்ற கரையோரக் கடல்நீரில் சினெகோகாக்கஸ் என்ற சயனோபாக்டீரியா மிதக்கிறது. அதன் நெருங்கிய உறவான புரோகுளோரோகாக்கஸ் வெப்பமண்டலத்தின் திறந்த கடலில் வாழ்வது. ஒரு மில்லிமீட்டர் நீளத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றை வரிசையாக நிறுத்தலாம். ஒளிச்சேர்க்கை செய்யும் உயிர்களில் நமக்குத் தெரிந்த மிகச் சிறியது இதுதான்.

இது ஏறக்குறைய நாளுக்கொரு முறை இரண்டாகப் பிரியும். அதற்கு முன் டிஎன்ஏவில் உள்ள சுமார் 1.66 மில்லியன் எழுத்துகளையும் படியெடுத்தாக வேண்டும். அந்த வேலையைத் தொடங்கி வைப்பது ‘டிஎன்ஏ–ஏ’ என்ற மரபணு. அது உருவாக்கும் புரதம் டிஎன்ஏ வளையத்தில் குறிப்பிட்ட ஓரிடத்தில் அமர்ந்து இரு இழைகளையும் பிரித்துவிடும். பிறகு படியெடுக்கும் நொதிகள் நுழையும்.

இங்கேதான் வெயில் குறுக்கிடுகிறது. புற ஊதாக் கதிர் பட்டால் டிஎன்ஏவில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். படியெடுக்கும் நொதி அங்கே வந்து திணறி நிற்கும். சில வேளை தவறான எழுத்தைப் போட்டுவிடும். செல்லுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

பிரான்சின் ரோஸ்கோஃப் கடலாய்வு நிலைய ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். புற ஊதாக் கதிர் இல்லாதபோது புரோகுளோரோகாக்கஸ் பொழுது சாயும் வேளையில் படியெடுத்தது. அக்கதிரையும் சேர்த்துப் பாய்ச்சியபோது ‘டிஎன்ஏ–ஏ’ அடங்கிப்போனது. படியெடுப்பு சுமார் இரண்டு மணி நேரம் தள்ளி, இருட்டில் நடந்தது. வளர்ச்சி வேகமோ பெரிதாகக் குறையவில்லை! மூளையே இல்லாத ஒற்றைச் செல்லுக்கு இவ்வளவு நிதானம்.

ஆனால் எல்லா சயனோபாக்டீரியாவும் இந்த மரபணுவை நம்பியிருப்பதில்லை. நன்னீரில் வாழும் சினெகோசிஸ்டிஸில் இருந்து ஜப்பானிய ஆய்வாளர்கள் அதை நீக்கிப் பார்த்தார்கள். அது வழக்கம்போலவே வளர்ந்ததாக 2016இல் தெரிவித்தார்கள். பால்மர இலையைப் பச்சையாக்கும் பசுங்கணிகமும் ஆதியில் ஒரு சயனோபாக்டீரியாதான். தன் சொந்த டிஎன்ஏவை இன்றும் வைத்திருக்கிறது. அதிலும் ‘டிஎன்ஏ–ஏ’ கிடையாது.