கம்ப்யூட்டருக்குத் தெரியாத மல்லி விலை!

இப்போதெல்லாம் ஆபீஸ் கேன்டீனில் இரண்டு பேர் தலையைச் சேர்த்து வைத்துக் கிசுகிசுத்தால், அது காதல் விவகாரமும் இல்லை, இன்க்ரிமென்ட் விவகாரமும் இல்லை. 'யூடியூப் சேனல் ஆரம்பிக்கலாமா?' என்கிற விவகாரம்தான்!

முன்பெல்லாம் இதற்குச் சில தடைகள் இருந்தன. கேமரா முன்னால் பேச வராது. எடிட்டிங் தெரியாது. லோகோ வரைய ஆள் இல்லை. இப்போது அந்தச் சாக்கெல்லாம் போயே போச்சு! ஏ.ஐ. வந்துவிட்டது. சாட்ஜிபிடி, ஜெமினி என்று எதைக் கேட்டாலும் பேர் வைத்து, ஸ்கிரிப்ட்டும் எழுதித் தரும். கான்வா லோகோ போட்டுத் தரும். குரல் கொடுக்க ஒரு மென்பொருள், படம் வரைய ஒரு மென்பொருள். நீங்கள் பனியனோடு உட்கார்ந்து பட்டனைத் தட்டினால் போதும். 'அப்புறமென்ன... கொட்டோ கொட்டென்று கொட்டும்' என்று ஆசை காட்டவும் அதே யூடியூபில் ஆள் இருக்கிறது.

நிஜமாகவே கொட்டுமா? எங்கள் சத்தியமங்கலத்தில் ஒரு சேனல் பிறந்ததைப் பிரசவ வார்டு வாசலில் நின்ற மாதிரி பக்கத்திலிருந்து பார்த்தவன் நான். அந்த உரிமையில் சொல்கிறேன்.

முதலில் கணக்கு

விளம்பரத்தில் பங்கு வேண்டுமானால் யூடியூப் வைத்திருக்கும் கோடு இது: 1,000 சப்ஸ்கிரைபர்கள், கூடவே 12 மாதத்துக்குள் 4,000 மணி நேரம் உங்கள் வீடியோவை ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும். அல்லது 90 நாளில் குட்டி வீடியோக்களுக்கு, அதாவது ஷார்ட்ஸுக்கு, 1 கோடி பார்வை.

4,000 மணி என்றால் 2,40,000 நிமிஷம். ஒருவர் சராசரியாக மூன்று நிமிஷம் பார்க்கிறார் என்று வையுங்கள் (பெரிய மனசு!). 80,000 தடவை யாராவது பார்த்தாக வேண்டும். சித்தப்பா, மச்சான், மாப்பிள்ளை, ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப்... அத்தனை பேரையும் கூட்டினாலும் நூறு, இருநூறு. மீதிப் பேர் உங்களைத் தெரியாதவர்கள். அவர்கள் ஏன் உங்கள் சேனலுக்கு வர வேண்டும்? மொத்த விஷயமும் இந்த ஒரு கேள்வியில்தான் இருக்கிறது.

பூ மார்க்கெட் தம்பி

என் பக்கத்து சீட் தம்பிக்கு ஊர்ப்புறத்தில் அரை ஏக்கர் மல்லித் தோட்டம். விடியும் முன்னே அம்மா மொட்டுப் பறிக்க, தம்பி மூட்டையை டூவீலரில் வைத்து சத்தி பூ மார்க்கெட்டில் இறக்கிவிட்டு, அப்புறம் ஆபீசுக்கு வருவான். (அவன் ஃபைலைத் தொட்டால் பத்து மணி வரைக்கும் வாசனை வரும்!) எங்கள் ஊர் மார்க்கெட்டில் மல்லி, முல்லை, காக்கடா, சம்பங்கி, செண்டுமல்லி எல்லாம் ஏலத்துக்கு வரும். முகூர்த்த நாள் என்றால் விலை ஏறும். மார்கழிப் பனியில் பூ குறைந்தால் இன்னும் ஏறும். ஆடியில், புரட்டாசியில் கல்யாணம் இல்லையென்றால் தொபுக்கடீர்!

"அண்ணா, தெனமும் பூ வெலை சொல்ற மாதிரி ஒரு சேனல் போடலாம்னு இருக்கேனுங்க" என்றான். நல்ல யோசனை. ஒரே ராத்திரியில் ஏ.ஐ.யை வைத்து எல்லாம் முடித்துக்கொண்டு வந்து நின்றான்.

பேருக்கு ஐம்பது யோசனை சொல்லியிருந்தது. மலர் உலகம், கொங்குப் பூக்கள், பூந்தோட்டம் டி.வி., சத்தி விளாக்ஸ்... எல்லாம் எங்கேயோ கேட்ட பேர். இதில் ஆச்சரியமில்லை. இந்த மென்பொருள்கள் இன்டர்நெட்டில் கிடைத்த கோடிக்கணக்கான பக்கங்களைப் படித்து, 'இந்த வார்த்தைக்கு அடுத்து எது வர வாய்ப்பு அதிகம்?' என்று கணிக்கப் பழகியவை. அதிக வாய்ப்பு எதற்கு? எல்லோரும் ஏற்கெனவே சொன்னதற்கு! ஆயிரம் பேர் ஒரே கேள்வியைக் கேட்டால் ஆயிரம் பேருக்கும் கிட்டத்தட்ட அதே ஐம்பது பேர்தான் கிடைக்கும்.

லோகோ? பிரமாதமான மல்லிகை. ஆனால் பக்கத்தில் வரைந்திருந்த கடைப் பலகையில் தமிழ் எழுத்துகள் ஜிலேபியை வெயிலில் வைத்த மாதிரி உருகிக் கிடந்தன.

அடுத்து ஸ்கிரிப்ட். தம்பி பெருமையாக வீட்டில் போட்டுக் காட்டியிருக்கிறான். நியூஸ் ரீடர் குரலில், ழகரம் சுத்தமாக, 'இன்றைய மல்லிகை விலை கிலோவுக்கு...' என்று ஒரு தொகை. நிஜ விலையைப் போல இரண்டு மடங்கு!

அம்மா கேட்ட கேள்வி ஒன்றுதான். "ஏங்கண்ணு, இந்த வெலைக்கு எந்த மார்க்கெட்டுலடா எடுக்கறாங்க? கூடையைத் தூக்கிட்டு நானும் அங்கயே போயிடறேன்!"

சிரிப்பு வந்தாலும் விஷயம் சின்னதில்லை. தோட்டத்துக்கே வந்து கேட்கிற வியாபாரிக்குக் கொடுப்பதா, மார்க்கெட்டுக்கே கொண்டு போவதா என்று ஒரு விவசாயி விலையை வைத்துத்தான் முடிவெடுப்பார். மொட்டு சாயங்காலத்துக்குள் மலர்ந்துவிடும்; நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று எடுத்து வைக்க முடியாது. தப்பு விலையை அழகான குரலில் சொன்னால், அன்றைக்குக் கூலி போவது கம்ப்யூட்டருக்கு இல்லை. பறித்த ஜனத்துக்கு.

காலை ஏலத்தில் என்ன விலை போனது என்று அந்த மென்பொருளிடம் யாரும் சொல்லவில்லை. 'தெரியாது' என்று சொல்வதற்குப் பதில், விலை மாதிரி தெரிகிற ஒரு எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டது. நல்லவேளை, வீடியோ வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

புதுக்கோட்டைத் தாத்தா காட்டிய வழி

பிராண்டிங் பிராண்டிங் என்கிறார்களே, அதற்கு நம் ஊர்ப் பாடப்புத்தகம் எங்கே இருக்கிறது தெரியுமா? புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்தில்! 2018-ல் ஒரு தாத்தாவும் அவருடைய பேரன்களும் வயல்வெளியில் அடுப்பு மூட்டி ஆரம்பித்த 'வில்லேஜ் குக்கிங் சேனல்'. 2021-ல் ஒரு கோடி சப்ஸ்கிரைபரைத் தாண்டிய முதல் தமிழ் சேனல் அதுதான். அதே வருஷம் ராகுல் காந்தி வந்து காளான் பிரியாணிக்குத் தயிர்ப் பச்சடி கலக்கிவிட்டுப் போனார். 2022-ல் 'விக்ரம்' படத்திலும் தலை காட்டினார்கள்.

அவர்கள் தொடங்கிய காலத்தில் சாட்ஜிபிடி கிடையாது. (அது வந்தது 2022 நவம்பரில்.) வெள்ளை வேட்டி சட்டை, திறந்தவெளி, பெரிய பெரிய பாத்திரம், 'இன்னைக்கு ஒரு புடி' என்கிற சத்தம், கடைசியில் நாலு பேருக்குச் சாப்பாடு. இவ்வளவுதான் அவர்கள் பிராண்ட். கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலும் அவர்கள்தான் என்று தெரியும். இதை எந்த மென்பொருளும் ஐம்பது யோசனைகளில் ஒன்றாகத் தந்திருக்காது!

தம்பிக்கும் அதே வைத்தியம்தான். மார்க்கெட்டுக்கே போய் ஏலத்தை செல்போனில் எடுத்தான். அப்புறம் ஏ.ஐ. இரைச்சல் நீக்கியை ஓட்டினான். அது சுத்தமோ சுத்தம்... ஏலம் விடுகிறவர் குரல், கூட்டத்தின் சலசலப்பு, மூட்டையை இறக்குகிற சத்தம் அத்தனையையும் 'இரைச்சல்' என்று துடைத்துவிட்டது! மார்க்கெட்டே போய்விட்டது, தம்பி மட்டும் பாக்கி. உடனே அந்தப் பட்டனை அணைத்தான். சேனலுக்கும் அந்த ஏலக் கூச்சலிலிருந்தே ஒரு வார்த்தையை எடுத்துப் பேர் வைத்தான். (சொன்னால் விளம்பரமாகிவிடும்!)

இப்போது ஏ.ஐ.க்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. வீடியோவை வெட்டி ஒட்ட, சப்டைட்டில் போட, தலைப்பைச் சுருக்க அதுதான். மலைக்கு மேலே திம்பம் தாண்டினால் தாளவாடி, அதற்கப்பால் கர்நாடகம். அங்குள்ள வியாபாரிகளுக்காகக் கன்னட சப்டைட்டிலும் அதுதான் எழுதுகிறது. தாளவாடிக்கார நண்பர் ஒருவர் பார்த்துத் திருத்திய பிறகே அது வெளியே போகும்.

விலை சொல்வது மட்டும் அம்மா. ஏ.ஐ. குரலுக்கு மாதச் சந்தா கட்ட வேண்டும். அம்மாவுக்குக் காபி போட்டுக் கொடுத்தால் போதும்!

குரல் யாருடையது?

'பிரபல பாடகர் குரலில் விலை சொன்னால் ஜோராக இருக்குமே' என்று ஒரு நண்பர் ஐடியா கொடுத்தார். ஜோராக இருக்கும், வக்கீல் நோட்டீஸும் வரும்! 2024-ல் 'லால் சலாம்' படத்தில் மறைந்த பம்பா பாக்யா, சாகுல் ஹமீது குரல்களை ஏ.ஐ. மூலம் கொண்டுவந்தார் ஏ.ஆர்.ரஹ்மான். குடும்பத்தாரிடம் அனுமதி வாங்கி, சன்மானமும் கொடுத்ததாக அவரே அறிவித்தார். அதே வருஷம், எஸ்.பி.பி.யின் குரலை அனுமதியின்றி ஏ.ஐ.யில் உருவாக்கியதாக ஒரு தெலுங்குப் படக் குழுவுக்கு அவர் மகன் சரண் நோட்டீஸ் அனுப்பினார். இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி தொழில்நுட்பம்தான். நடுவே இருந்த வித்தியாசம், கேட்டார்களா இல்லையா என்பதே.

யூடியூபும் சும்மா இல்லை. நிஜம் போலத் தோன்றும் செயற்கைக் காட்சி, குரல் இருந்தால் 2024 முதல் அதை அறிவிக்க வேண்டும். ஸ்கிரிப்ட் எழுத உதவி வாங்கியதற்கு அறிவிப்பு தேவையில்லை. 2025 ஜூலை 15-ல், ஒரே அச்சில் வார்த்து மொத்த மொத்தமாகக் கொட்டுகிற வீடியோக்களுக்குக் காசு கிடையாது என்று விதியைத் தெளிவாக்கியது. ஏ.ஐ.யைத் தொடாதே என்று சொல்லவில்லை. சரக்கு உன்னுடையதாக இருக்கட்டும் என்கிறது.

ஆரம்பிக்கிறவர்களுக்கு நாலு வார்த்தை

உங்களைத் தவிர வேறு யாருக்கும் சுலபமாகக் கிடைக்காத ஒன்றைத் தேடுங்கள். அப்பாவின் டிராக்டர் ஒர்க்‌ஷாப், மாமாவின் விசைத்தறி, உங்கள் தெருப் பேச்சு, எதுவும் ஆகலாம்.

ஏ.ஐ. தருகிற முதல் பத்துப் பேரை அடித்துவிடுங்கள். எதிர் வீட்டுக்காரருக்கும் அதையேதான் கொடுத்திருக்கும்.

எண், தேதி, விலை, மருந்து, சட்டம், இந்த ஐந்தையும் மனுஷரிடம் விசாரிக்காமல் ஏற்றாதீர்கள்.

ஒரு நிறம், ஒரு எழுத்து வடிவம், ஒரு ஆரம்ப வாக்கியம். வாரம் ஒருமுறை மாற்றாதீர்கள்.

கடைசியாக ஒன்று. முதல் வீடியோ ஓடுகிற வேகத்தைப் பார்த்துவிட்டு, ராஜினாமா கடிதம் எழுதித் தரும்படி மட்டும் ஏ.ஐ.யிடம் கேட்டுவிடாதீர்கள். மிகவும் நன்றாக எழுதிக் கொடுத்துவிடும்!