கணக்குப் போட்ட இசையில் கண்ணீர் வருமா?

மேல்நாட்டு நவீன இசை என்றாலே முகம் சுளிப்பவர்கள் உண்டு. "மெட்டு எங்கே? உருக்கம் எங்கே? எல்லாம் வெறும் கணக்குதானே?" என்பார்கள். இந்தக் கேள்விக்கு 1935ஆம் ஆண்டிலேயே பதில் சொன்ன படைப்பு ஒன்று இருக்கிறது. ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஆல்பன் பெர்க் எழுதிய வயலின் கான்செர்ட்டோ அது.

கான்செர்ட்டோ என்பது ஒரு தனிக் கலைஞரும் முழு இசைக்குழுவும் உரையாடுவது போல் அமைந்த இசை வடிவம். சில இடங்களில் இணைந்து போவார்கள். சில இடங்களில் மோதிக்கொள்வார்கள்.

அதென்ன கணக்கு? பெர்க்கின் குருவான அர்னோல்ட் ஷோன்பெர்க் 1920களில் ஒரு புதிய முறையை வகுத்தார். ஒரு ஸ்தாயியில் உள்ள 12 சுரங்களையும் ஒரு வரிசையில் அடுக்க வேண்டும். அந்த வரிசைதான் படைப்பு முழுவதற்கும் அடித்தளம். எந்தச் சுரமும் ஆதார சுரமாக இருந்து மற்றவற்றை ஆளக்கூடாது. காது பழகிய பிடிமானம் இல்லாததால், 'உயிரில்லாத இசை' என்ற பழி வந்தது.

அந்தப் பழியைத் துடைக்க வயலினே சரியான கருவி என்று பெர்க்கிடம் வாதாடினார் அமெரிக்க வயலின் கலைஞர் லூயிஸ் கிராஸ்னர். ஜெர்மனியில் நாஜி ஆட்சி வந்தபின் பெர்க்கின் வருமானம் சுருங்கியிருந்த காலம் அது. அவர் ஒப்புக்கொண்டார். ஆனால், வேலை உடனே சூடுபிடிக்கவில்லை.

1935 ஏப்ரல் 22ஆம் தேதி, பெர்க் தம்பதியர் பாசம் வைத்திருந்த மனோன் குரோப்பியஸ் என்ற இளம்பெண் போலியோ நோயால் மறைந்தார். வயது 18. அந்தத் துயரம் பெர்க்கை உலுக்கியது. ஆகஸ்டு மாதத்திலேயே கான்செர்ட்டோவை முடித்து, 'ஒரு தேவதையின் நினைவுக்கு' என்று காணிக்கையாக்கினார்.

துயரத்துக்காக அவர் கணக்கைக் கைவிட்டாரா? இல்லை. சுரங்களை அடுக்கிய விதத்தில்தான் அவரது திறமை இருக்கிறது. வயலினின் நான்கு தந்திகளுக்குரிய சுரங்கள் வரிசையின் 1, 3, 5, 7ஆம் இடங்களில் அமர்ந்துள்ளன. கடைசி நான்கு சுரங்களின் ஏறுநடை, 1723இல் பாக் இயற்றிய தேவாலய இசையில் வரும் ஒரு துதிப்பாடலின் தொடக்கத்தோடு பொருந்துகிறது. மரணத்தை அமைதியாக ஏற்கும் பாடல் அது.

இரண்டு பகுதிகள், ஏறக்குறைய 25 நிமிடங்கள். முதல் பகுதியில் நடனச் சாயலும் ஒரு நாட்டுப்பாடலும் வரும். இரண்டாம் பகுதி பேரிடியாகத் தொடங்கும். அது ஓய்ந்ததும் வயலின் அந்தத் துதிப்பாடலை எடுக்க, கிளாரினெட்டுகள் தேவாலய ஆர்கன் போல் பதில் தரும். இந்த இடத்தைக் கேட்டவர்கள் யாரும் கணக்கைப் பற்றி யோசிப்பதில்லை.

பெர்க் இதை மேடையில் கேட்கவே இல்லை. 1935 டிசம்பர் 24ஆம் தேதி, இரத்தத்தில் நச்சு பரவி இறந்தார். 1936 ஏப்ரல் 19ஆம் தேதி பார்சலோனாவில் கிராஸ்னர் அதை அரங்கேற்றினார்.

விதி இசையைக் கொல்வதில்லை. சொல்வதற்கு மனத்தில் ஒன்றும் இல்லாதபோதுதான் இசை வெறும் கணக்காகிறது. ஒருமுறை கேட்டதும் பிடிக்காவிட்டால் ஒதுக்கிவிடாதீர்கள். இன்னொரு முறை கேளுங்கள்.