கடை சாத்தும் நேரத்தில் கம்ப்யூட்டர் அணைய மறுப்பது ஏன்?

இரவு பத்து மணி. கல்லாவை எண்ணி முடித்தாயிற்று. ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று. பில் போடும் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் பாக்கி. ஆனால் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ‘அப்டேட் நடக்கிறது, கம்ப்யூட்டரை அணைக்க வேண்டாம்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வாசகம் வருகிறது. பத்து நிமிடம் போகிறது, அரை மணியும் போகிறது. கடைப் பையன்கள் கடைசி பஸ்ஸைப் பிடிக்கத் தவிக்கிறார்கள். பொறுமை இழந்து மெயின் சுவிட்சை இறக்கிவிட்டுப் பூட்டிக்கொண்டு போகிறோம்.

தீ விபத்துக்குப் பயந்து இரவில் மெயினை அணைத்துவிட்டுப் போவது நம் கடைகளில் பல காலமாக உள்ள நல்ல வழக்கம். ஆனால் அப்டேட் நடக்கும் இந்த ஒரு வேளையில் அதுவே நம் கணக்குக்குக் கேடாக முடியலாம். மறுநாள் காலையில் விண்டோஸ் திறக்காது. அல்லது கணக்கு மென்பொருளின் டேட்டா பழுதாகியிருக்கும். பாக்கிதாரர் கணக்கும் சரக்கு இருப்பும் உள்ளே மாட்டிக்கொண்டால் அன்றைய வியாபாரம் என்ன ஆகும் என்பதை வணிகப் பெருமக்களுக்கு நாம் சொல்லத் தேவையில்லை. எனவே இந்தத் தாமதம் எதனால் வருகிறது, அதற்கு நாம் என்ன செய்யலாம் என்பதை இங்கே பார்ப்போம்.

தாமதம் எதனால்?

மைக்ரோசாஃப்ட் நிறுவனம் விண்டோஸுக்கான பாதுகாப்புத் திருத்தங்களை ஒவ்வொரு மாதமும் இரண்டாவது செவ்வாய்க்கிழமை வெளியிடுகிறது. 2003-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் இதுவே நடைமுறை. அமெரிக்காவின் மேற்குக் கரையில் காலை பத்து மணி என்றால் நமக்கு அன்றிரவு பத்தரை அல்லது பதினொன்றரை ஆகும். அதனால்தான் நம் கடைகளில் இந்தத் தொல்லை பெரும்பாலும் அந்த வாரம் புதன், வியாழன் இரவுகளில் தலைகாட்டுகிறது.

ஒரு அப்டேட் மூன்று கட்டங்களாக நடக்கிறது. முதலாவது, நாம் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னால் இறங்குவதும் தயாராவதும். இரண்டாவது, அணைக்கும்போது நடக்கும் வேலை. மூன்றாவது, மறுபடி இயக்கும்போது நடக்கும் மிச்ச வேலை. கடை திறந்திருக்கும்போது கூட்டிப் பெருக்கி ஒட்டடை அடிக்க முடியாது. சாத்திய பிறகும் திறப்பதற்கு முன்பும்தான் முடியும். விண்டோஸும் அப்படித்தான். தான் பயன்படுத்திக்கொண்டிருக்கும் கோப்புகளை ஓடும்போது மாற்ற முடியாமல், அணையும் நேரத்துக்கும் இயங்கத் தொடங்கும் நேரத்துக்கும் தள்ளிவைக்கிறது. இரவில் தாமதமான கம்ப்யூட்டர் காலையிலும் தாமதமாவதற்கு இதுவே காரணம். இது கோளாறு அன்று, வேலை.

ஜி.எஸ்.டி. தேதியும் இதுவும்

இரண்டாவது செவ்வாய் மாதத்தின் 8-ஆம் தேதிக்கு முன் வராது, 14-ஆம் தேதியைத் தாண்டாது. மாதாமாதம் தாக்கல் செய்பவர்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1 கடைசி நாள் 11-ஆம் தேதி. காலாண்டுக்கு ஒருமுறை தாக்கல் செய்பவர்களுக்கு 13-ஆம் தேதி. அதாவது, கணக்கு அவசரமாகத் தேவைப்படும் அதே நாட்களில்தான் அப்டேட்டும் வந்து நிற்கிறது. 10-ஆம் தேதி இரவு மெயினை இறக்கி, 11-ஆம் தேதி காலையில் கம்ப்யூட்டர் திறக்காவிட்டால் தாமதக் கட்டணம் நம் தலையில்தான் விழும்.

அப்டேட்டே வேண்டாம் என்றால்?

சில மெக்கானிக்குகள் அப்டேட்டை அடியோடு நிறுத்தித் தருவதாகச் சொல்கிறார்கள். அதற்குச் சம்மதிக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டு மார்ச் 14-ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அதைப் போடாமல் விட்ட கம்ப்யூட்டர்களை இரண்டு மாதம் கழித்து, மே 12-ஆம் தேதி, ‘வான்னாக்ரை’ என்ற வைரஸ் உலகெங்கும் பிடித்துக்கொண்டது. கோப்புகளைப் பூட்டிவைத்து 300 டாலர் பணயப் பணம் கேட்டது. மார்ச் மாதத் திருத்தத்தைப் போட்டிருந்தவர்கள் தப்பினார்கள். அப்டேட்டை விரட்டுவது அன்று, நமக்கு வசதியான நேரத்துக்கு அதைக் கொண்டுவருவதே சரியான வழி.

நாம் செய்ய வேண்டியவை

1. அந்த வாரம் புதன் அல்லது வியாழன் பிற்பகல், கூட்டம் குறைந்த நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். வார விடுமுறை நாளானால் இன்னும் நல்லது. முதலில் கணக்கு மென்பொருளில் பேக்கப் எடுத்துப் பென் டிரைவில் போட்டு, அதைக் கழற்றித் தனியே வையுங்கள். பிறகு ‘அப்டேட் அண்ட் ரீஸ்டார்ட்’ கொடுங்கள். இரண்டு கட்டமும் உங்கள் கண்ணெதிரே முடிந்துவிடும். இடையில் வரும் வாடிக்கையாளருக்குத் தனி வரிசை எண்ணுள்ள கை பில் புத்தகம் ஒன்று இருக்கட்டும்.

2. இரவில் அணைக்கும்போது மெனுவைப் படித்துப் பார்த்து அழுத்துங்கள். ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ ஒன்று, வெறும் ‘ஷட் டவுன்’ ஒன்று எனப் பெரும்பாலும் இரண்டும் இருக்கும். அவசரமானால் வெறும் ‘ஷட் டவுன்’ போதும்.

3. 8, 9 தேதிகளில் கணக்கு வேலை முடியவில்லையா? செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்துக்குப் போய் ‘பாஸ்’ என்பதில் ஒரு வாரம் தள்ளிவையுங்கள். தாக்கல் முடிந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.

4. அதே பக்கத்தில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே ‘ஆக்டிவ் அவர்ஸ்’ என்று ஒன்று உண்டு. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆகாது. இதில் 18 மணி நேரம் வரை குறிக்கலாம். கடை திறப்பதிலிருந்து சாத்தும் வரை குறித்துவிடுங்கள்.

5. சி டிரைவில் 20 ஜிபி இடமாவது காலியாக இருக்கட்டும். இடம் இல்லாவிட்டால் அப்டேட் பாதியில் தோற்று, மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருக்கும்.

6. பழைய சுழலும் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் அப்டேட் வேகமாக முடியும். ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை எழுதும் வேலை ஹார்டு டிஸ்க்குக்கு மிகவும் மெதுவானது.

7. சிறிய யூ.பி.எஸ்., கம்ப்யூட்டரை முறையாக அணைப்பதற்கு மட்டுமே போதும். ஒரு நீண்ட அப்டேட் முடியும் வரை தாங்காது. மின்தடை அறிவித்த நாளில் அப்டேட் வேண்டாம்.

மற்ற நாட்களிலும் தாமதமானால்

மாதத்தில் ஓரிரு இரவு தாமதமானால் அப்டேட். தினந்தோறும் தாமதமானால் வேறு காரணம் தேட வேண்டும். முதலாவது, திறந்து கிடக்கும் மென்பொருள். பில் மென்பொருளை மூடாமல் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் அதற்காகக் காத்து நிற்கும். எல்லாவற்றையும் கையால் மூடிவிட்டு அணையுங்கள். பல கவுன்டர்கள் உள்ள கடைகளில் கவுன்டர் கம்ப்யூட்டர்களை முதலிலும், டேட்டா இருக்கும் கம்ப்யூட்டரைக் கடைசியிலும் அணைக்க வேண்டும்.

இரண்டாவது, ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்னும் வசதி. இது இருந்தால் ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை; தன் நிலையை டிஸ்க்கில் எழுதிவைத்து மறுநாள் அதிலிருந்து எழுகிறது. பழைய குழப்பங்களும் கூடவே எழும். வாரம் ஒருமுறை ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால் எல்லாம் புதிதாகத் தொடங்கும்.

மூன்றாவது, ஷட் டவுன் கொடுத்தும் அணையாத நிலை. ‘அப்டேட் அண்ட் ஷட் டவுன்’ கொடுத்தாலும் அணையாமல் மறுபடி இயங்கியே நிற்கும் குறை விண்டோஸ் 11-இல் இருந்தது. 2025 அக்டோபர் கடைசியில் வெளியிட்ட அப்டேட்டில் மைக்ரோசாஃப்ட் இதைச் சரிசெய்தது. அதற்கு முந்தைய நிலையிலேயே இருக்கும் கம்ப்யூட்டர்களில் இது இன்னும் நேரலாம்.

விண்டோஸ் 7 வைத்திருப்பவர்கள் அப்டேட் மீது பழி போட வேண்டாம். அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. இவற்றில் தாமதம் வந்தால் ஹார்டு டிஸ்க்கை முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். டிஸ்க் தேயத் தொடங்கியிருந்தால் அதுவே முன்னறிவிப்பு.

நடுவில் நின்றுவிட்டால்?

விழுக்காடு நகரவில்லை என்பதற்காக நின்றுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். பெட்டியின் முகப்பில் சிறு விளக்கு மின்னிக்கொண்டிருந்தால் டிஸ்க் வேலை செய்கிறது என்று பொருள். அப்படியே விட்டுவிட வேண்டும். அன்றிரவு மெயினை இறக்காமல், கம்ப்யூட்டருக்குச் செல்லும் இணைப்பை மட்டும் விட்டு மற்றவற்றை அணைத்துவிட்டுப் போகலாம். இதற்காகக் கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி எம்.சி.பி. வைத்துத் தரும்படி எலக்ட்ரீஷியனிடம் சொல்லுங்கள்.

இரண்டு மூன்று மணி நேரம் விளக்கும் மின்னாமல், விழுக்காடும் நகராமல் இருந்தால் மட்டும் பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணைக்கலாம். மறுபடி இயக்கும்போது விண்டோஸ் பெரும்பாலும் தானே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஒரு குறிப்பிட்ட அப்டேட்டுக்குப் பிறகே தொல்லை தொடங்கியது என்றால், ‘அப்டேட் ஹிஸ்டரி’யில் அதன் எண்ணைக் குறித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள். அதை மட்டும் நீக்க முடியும்.

ஏட்டில் கணக்கு எழுதிய காலத்தில் ஏட்டை மூடிக் கட்டிப் பெட்டியில் வைத்த பிறகே கடை விளக்கை அணைத்தோம். ஏடு இப்போது கம்ப்யூட்டருக்குள் இருக்கிறது. அது மூடி முடியும் வரை விளக்கு எரியட்டும். அடுத்த இரண்டாவது செவ்வாய் எந்தத் தேதியில் வருகிறது என்பதை இன்றே கடைக் காலண்டரில் சுழித்து வையுங்கள்.