தியானத்துக்கும் பிரேக் வேண்டும்

நாசிக், மன்மாட் பக்கம் ரயிலில் போய் வரும் அன்பர்கள் கவனித்திருப்பீர்கள். கசாரா ஸ்டேஷனில் வண்டி கொஞ்ச நேரம் நிற்கும். பின்னால் ‘டங்’கென்று ஓர் இடி. பிறகு கிளம்பும். வண்டியைப் பின்னாலிருந்து தள்ளுவதற்கு எஞ்சின் மாட்டுகிற சத்தம் அது. ‘பாங்கர்’ என்போம். அங்கிருந்து இகத்புரி வரை மலைப்பாதை. 37 அடி போனால் ஓர் அடி ஏற்றம்.

ஏறுவதற்கு எஞ்சின் பலம் போதும். இறங்குவதுதான் எங்களுக்குக் கவலை. பிரேக்கைச் சோதித்த பிறகே வண்டியை இறக்கத்தில் விடுவார்கள். அதையும் மீறி ஓடிவிட்டால், மெயின் லைனிலிருந்து பிரித்து மேட்டில் ஏற்றி நிறுத்துவதற்கென்றே தனித் தண்டவாளம் போட்டிருக்கும். ‘கேட்ச் சைடிங்’ என்று பெயர். டிப்ளமோ முடித்து 1980-இல் ரயில்வேயில் சேர்ந்து, பாதைப் பராமரிப்பிலேயே காலம் கழித்த எனக்கு இது பாலபாடம். ஆனால் என் சொந்த விஷயத்தில் அதை மறந்துவிட்டேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

2018-இல் ஓய்வு பெற்றேன். வீட்டில் சும்மா இருக்கத் தெரியவில்லை. புனேயில் இருக்கும் மகன் என் செல்போனில் தியானப் பயிற்சி ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். கல்யாணில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்திலேயே வாரம் இரண்டு நாள் வகுப்பும் நடந்தது. கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். வேறு ஒன்றும் இல்லை. முதல் பத்து நாள் சுகமாக இருந்தது. நல்லது என்றால் நிறையச் செய்வோமே என்று, இருபது நிமிடத்தை ஒரு மணி நேரமாக்கினேன். பிறகு காலை ஒரு மணி, மாலை ஒரு மணி.

மூன்றாவது வாரம் இரவில் என் இதயத் துடிப்பு எனக்கே கேட்க ஆரம்பித்தது. நான் கவனிக்காவிட்டால் மூச்சு நின்றுவிடுமோ என்று பயம். தூக்கம் இரண்டு மணி நேரமாகச் சுருங்கியது. ஒருநாள் காபி டம்ளரைப் பிடித்திருந்த கை என் கை மாதிரியே இல்லை. வேறு யாரோ பிடித்திருப்பதை நான் பார்ப்பதுபோல் இருந்தது. வகுப்பு நடத்துபவரிடம் சொன்னேன். “நல்ல அறிகுறி சார், உள்ளே அழுக்கு வெளியேறுகிறது. இன்னும் கொஞ்சம் அதிகமாக உட்காருங்கள்” என்றார். உட்கார்ந்தேன். அன்று கண்ணை மூடியதும் எதிரே வந்து நின்றவர் எங்கள் பழைய கீமேன்.

1994 மழைக்காலத்தில், மலைப்பாதையில், என் கண்ணெதிரே வண்டியில் அடிபட்டு இறந்தவர் அவர். அன்று அறிக்கை எழுதினேன், கையெழுத்துப் போட்டேன், மறுநாள் ட்ராலியில் அதே இடத்தைக் கடந்தேன். வீட்டில் ஒரு வார்த்தை சொன்னதில்லை. 25 வருடம் கழித்து, அமைதி தேடி உட்கார்ந்த இடத்தில் அவர் வந்துவிட்டார். அதன் பிறகு தினமும் வந்தார்.

என் மனைவிதான் பிடித்தாள். “என்னங்க, ரெண்டு வாரமா உங்க முகமே சரியில்ல. தியானம் பண்ணா இப்படியா இருக்கும்? வாங்க, டாக்டர்கிட்ட போவோம்.” ஈ.சி.ஜி., தைராய்டு எல்லாம் பார்த்தார்கள், கோளாறு இல்லை. மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார்கள். எனக்குத் தயக்கம். ஊரில் தெரிந்தால் என்ன நினைப்பார்கள் என்கிற நம்மவர் தயக்கம்தான். அவரோ எதற்கும் ஆச்சரியப்படவே இல்லை. “ஒரு மாதம் தியானத்தை நிறுத்துங்கள். காலையில் நடங்கள், நாலு பேரோடு பேசுங்கள்” என்றார். தூக்கத்துக்குச் சில வாரம் மாத்திரை. கீமேனைப் பற்றிச் சிறிது சிறிதாக அவரிடம் சொன்னேன். இரண்டு மாதத்தில் தேறினேன்.

எனக்கு மட்டும்தான் இப்படியா என்று பிறகு தேடிப் படித்தேன். இல்லை. 2020-இல் மிகேல் ஃபாரியஸ் குழுவினர், தியானம் பற்றிய 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மொத்தம் 6,703 பேர். அதில் சுமார் 8.3 சதவீதம் பேருக்கு விரும்பத்தகாத விளைவுகள். பதற்றமும் மனச்சோர்வும் முன்வரிசையில். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லிண்டால், பிரிட்டன் குழுவினர் தியானம் பழகியவர்களையும் சொல்லிக் கொடுப்பவர்களையும் பேட்டி கண்டு, 2017-இல் 59 வகை அனுபவங்களைப் பட்டியலிட்டார்கள். தூக்கமின்மை, பயம், வெளிச்சமும் சத்தமும் தாங்க முடியாமை, உணர்ச்சி மரத்துப்போதல், தன் உடம்பே அன்னியமாகத் தோன்றுதல் எல்லாம் அதில் இருக்கின்றன. என் காபி டம்ளரும் அங்கே இருந்தது!

காரணம் புரியாததல்ல. பதற்ற சுபாவம் உள்ளவர் மூச்சையும் துடிப்பையும் உற்றுக் கவனித்தால், சாதாரணத் துடிப்பும் பெரிதாகத் தெரியும், பயம் கூடும், பயத்தால் துடிப்பும் கூடும். இன்னொன்று, வேலையும் பேச்சும் மூடி வைத்திருந்த பழைய நினைவுகள், எல்லாம் அடங்கியதும் மேலே வருகின்றன.

முன்னோர்களுக்கும் இது தெரியும். உடம்பின் அசுத்தத்தைத் தியானித்த பிக்குகள் சிலர் உடம்பையே வெறுத்து உயிரை விட்டதாகவும், அதை அறிந்த புத்தர் மூச்சைக் கவனிக்கும் முறையைக் கற்பித்ததாகவும் பாலி நூலில் வேசாலி சுத்தம் சொல்கிறது. 18-ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஜென் குரு ஹாகுயின், கடும் பயிற்சியால் தமக்கு வந்த நோயைத் தாமே எழுதி வைத்தார். குரு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டதெல்லாம் இதற்காகத்தான். செல்போன் நம் முகத்தைப் பார்ப்பதில்லை.

தியானம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 1979-இல் ஜான் கபாட்-ஜின் அமெரிக்க மருத்துவமனை ஒன்றில் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியால் தீராத வலிக்காரர்கள் பலர் பயன் பெற்றார்கள். அதே மலைப்பாதையின் உச்சியில், இகத்புரியில் கோயங்காவின் விபாசனா மையம் 1976 முதல் இருக்கிறது. பத்து நாள் மௌனப் பயிற்சிக்கு விண்ணப்பிப்பவரிடம் அவர்கள் மனநலம் பற்றியும் மருந்துகள் பற்றியும் முதலிலேயே கேட்கிறார்கள். அதுதான் முறை, இறக்கத்துக்கு முன் பிரேக் சோதனை.

ஆகவே, ஏற்கனவே மனச்சோர்வு, திடீர்ப் பீதி, மனநோய் இருந்தவர்களும், அண்மையில் பெரும் துக்கமோ விபத்தோ கண்டவர்களும் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். தியானத்தை நம்பி மாத்திரையை நிறுத்தாதீர்கள். பத்து நிமிடத்தில் ஆரம்பியுங்கள். தூக்கம் கெட்டாலோ பயம் கூடினாலோ உடனே நிறுத்துங்கள். கண்ணைத் திறந்து, காலைத் தரையில் ஊன்றி எழுந்து நடங்கள், காய்கறி நறுக்குங்கள், யாரிடமாவது பேசுங்கள். இதுதான் நம் கேட்ச் சைடிங். எதைச் சொன்னாலும் ‘இன்னும் அதிகம் செய்’ என்பவரிடமிருந்து விலகுங்கள். இல்லாத குரல் கேட்டாலோ, வாழ வேண்டாம் என்று தோன்றினாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

ஊரிலிருந்து பெற்றோரை அழைத்து வந்து, பகலெல்லாம் பிளாட்டில் தனியே விட்டு, கையில் தியானச் செல்போனைக் கொடுத்துப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வாரம் ஒரு தடவையாவது ‘எப்படித் தூங்கினீர்கள்?’ என்று கேளுங்கள். 38 வருடம் கேங்மேன்களோடு மராத்தி பேசிய எனக்கே, மனதின் பயத்தைச் சொல்ல மராத்தியில் வார்த்தை கிடைக்கவில்லை. வயதானவர்கள் என்ன செய்வார்கள்? மத்திய அரசு 2022-இல் தொடங்கிய டெலி-மானஸ் தொலைபேசி எண் 14416. கட்டணம் இல்லை, தமிழிலும் பேசலாம்.

இப்போது தினமும் காலையில் நடக்கிறேன். வந்து பத்து நிமிடம் கண்ணைத் திறந்தபடி ஜன்னலோரம் உட்காருகிறேன். கீமேன் விஷயத்தை மனைவியிடமும் சொல்லிவிட்டேன். “இத்தனை வருஷமா ஏங்க சொல்லல?” என்று அழுதாள். அன்று இரவு நன்றாகத் தூங்கினேன்.

இப்படி அனுபவப்பட்ட அன்பர்கள் நம் இதழுக்கு எழுதினால் மற்றவர்களுக்கும் உதவும். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.