ரிப்போர்ட்டில் ‘கண்டறியப்படவில்லை’ என்றால் தண்ணீர் சுத்தமா? தெரிந்துகொள்ள வேண்டிய டிடெக்டர் கணக்கு

ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கும்போதெல்லாம் தென்பெண்ணை ஆற்றில் வெள்ளை நுரை பொங்கிக்கொண்டு போவதை வீடியோக்களில் பலரும் பார்த்திருப்பார்கள். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் இந்த ஆறு, பெங்களூரு பக்கத்துக் கழிவுநீரையும் சேர்த்துக்கொண்டுதான் தமிழகத்துக்குள் நுழைகிறது. பிறகு கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைத் தாண்டி கடலூர் அருகே கடலில் கலக்கிறது.

நுரைக்கு முக்கியக் காரணம் சோப்பு, டிடர்ஜென்ட் வகைப் பொருட்கள். அதைப் பார்க்கக் கண்ணே போதும். ஆனால், பூச்சிமருந்தோ தொழிற்சாலைக் கரைப்பானோ நிறமில்லாமல், வாசனையில்லாமல் கலந்திருந்தால்? அதை லேப் ரிப்போர்ட்தான் சொல்ல வேண்டும். அதில் ‘கண்டறியப்படவில்லை’ என்று இருந்தால் நிம்மதி. ஆனால், அந்த வரி இரண்டு காரணங்களால் வரலாம். ஒன்று, தண்ணீர் உண்மையிலேயே சுத்தமாக இருக்கலாம். இன்னொன்று, கருவியின் டிடெக்டர் சரியாக வேலை செய்யாமல் இருக்கலாம்.

ஜிசி என்ன செய்கிறது?

கேஸ் குரோமட்டோகிராஃபி, லேப்காரர்கள் பேச்சில் ‘ஜிசி’. தண்ணீரிலிருந்து பிரித்தெடுத்த சாம்பிளில் ஒரு சொட்டுக்கும் குறைவாக எடுத்து, சூடாக்கி ஆவியாக்குவார்கள். நைட்ரஜன் அல்லது ஹீலியம் வாயு அந்த ஆவியை ஒரு மெல்லிய குழாய்க்குள் தள்ளிக்கொண்டு போகும். ‘காலம்’ எனப்படும் இந்தக் குழாயின் நீளம் பெரும்பாலும் 30 மீட்டர். உள்விட்டம் 0.25 மில்லிமீட்டர்தான். உள்ளே போகும் ஒவ்வொரு பொருளும் வெவ்வேறு வேகத்தில் நகர்வதால், ஒவ்வொன்றும் வெவ்வேறு நேரத்தில் வெளியே வரும்.

குழாயின் முடிவில் காத்திருப்பது டிடெக்டர். ஒரு பொருள் வந்தால் அது மின் சிக்னலாக மாற்றும். திரையில் ‘பீக்’ எழும். வந்த நேரத்தை வைத்து அது என்ன பொருள் என்றும், பீக்கின் பரப்பை வைத்து எவ்வளவு என்றும் கணக்கிடுவார்கள். ஈயம், பாதரசம் போன்ற உலோகங்களுக்கு இது உதவாது. அதற்கு வேறு கருவிகள் உண்டு.

எவ்வளவு நுணுக்கம் தேவை?

குடிநீருக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 10500, எண்டோசல்ஃபானுக்கு வைத்திருக்கும் வரம்பு லிட்டருக்கு 0.4 மைக்ரோகிராம். அதாவது 25 லட்சம் லிட்டர் தண்ணீரில் 1 கிராம். 12,000 லிட்டர் டேங்கர் லாரிகள் 200-க்கு மேல் வரிசையாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனைக்கும் சேர்த்து ஒரு சிட்டிகை. அதைப் பிடிக்க வேண்டும் என்றால் டிடெக்டரில் படியும் லேசான அழுக்குகூட பெரிய விஷயம்.

சுடரை வைத்துக் கண்டுபிடிக்கும் எஃப்ஐடி

‘ஃபிளேம் அயனைசேஷன் டிடெக்டர்’ உள்ளே ஹைட்ரஜனும் காற்றும் கலந்து ஒரு சின்னச் சுடர் எரியும். கார்பன் உள்ள பொருள் அதில் எரியும்போது மின்னேற்றம் பெற்ற துகள்கள் உருவாகும். அவற்றால் உண்டாகும் மிக மெல்லிய மின்னோட்டத்தைக் கருவி அளக்கும். பெட்ரோல் ஆவி முதல் கரைப்பான்கள் வரை பலவற்றுக்கும் இதுதான் வழக்கமான டிடெக்டர்.

மருந்துத் துறையிலும் இதற்கு முக்கிய இடம் உண்டு. 2025 அக்டோபரில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்ததாகத் தமிழக மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை தெரிவித்தது. அனுமதிக்கப்பட்ட அளவு 0.1 சதவீதம்தான். மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த பிறகே இது வெளியே வந்தது. மருந்து மூலப்பொருளில் இந்த நச்சு இருக்கிறதா என்று பார்க்க, எஃப்ஐடி பொருத்திய ஜிசி சோதனைதான் வழக்கமான வழி.

பராமரிப்பு எப்படி? சுடர் எரியும் ‘ஜெட்’ முனையில் நாளடைவில் வெள்ளையாகச் சிலிக்கா படியும். பீக் சிறுக்கும், கோடு நடுங்கும், சில நேரம் சுடரே அணைந்துவிடும். ஜெட்டைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். தேறாவிட்டால் மாற்ற வேண்டும். சுடர் எரிகிறதா என்று பார்க்க எளிய வழி, வெளியேறும் துளைக்கு மேலே பளபளப்பான ஸ்பேனரைக் காட்டுவது. நீராவி படிந்தால் எரிகிறது என்று அர்த்தம். ஹைட்ரஜனும் காற்றும் ஏறக்குறைய 1-க்கு 10 என்ற அளவில் இருக்க வேண்டும். காலத்தைக் கழற்றும்போது ஹைட்ரஜனை மூட மறந்தால் ஓவனுக்குள் வாயு சேர்ந்து வெடிக்கும் ஆபத்தும் உண்டு.

அணைந்த சுடர் வரைவது நேர்கோடு. கார்பன் பொருள் எதுவும் இல்லாத சாம்பிள் வரைவதும் நேர்கோடுதான். புதிய கருவிகள் எச்சரிக்கை தரும். பழைய கருவிகளில் ஆள்தான் கவனிக்க வேண்டும்.

பூச்சிமருந்தை மோப்பம் பிடிக்கும் இசிடி

குளோரின் உள்ள பூச்சிமருந்துகளுக்கு ‘எலக்ட்ரான் கேப்ச்சர் டிடெக்டர்’. 1957-ல் பிரிட்டன் விஞ்ஞானி ஜேம்ஸ் லவ்லாக் உருவாக்கியது. பிற்பாடு இதை வைத்துத்தான் கடற்பயணத்தில், காற்றில் கலந்திருந்த சிஎஃப்சி வாயுவை அவர் அளந்தார்.

இதற்குள் நிக்கல்-63 என்ற கதிரியக்கத் தகடு இருக்கும். அதிலிருந்து எலக்ட்ரான்கள் ஒரே சீராக ஓடிக்கொண்டிருக்கும். குளோரின் உள்ள பொருள் வந்தால் எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் குறைவுதான் சிக்னல்.

இந்த நுணுக்கமே இதன் பலவீனமும். வாயுவில் கொஞ்சம் ஆக்சிஜனோ ஈரமோ இருந்தால் போதும், பேஸ்லைன் எகிறிவிடும், உணர்திறன் குறையும். வாயுவை வடிகட்டும் ‘டிராப்’களைக் காலம் கடத்தாமல் மாற்றுவதும், அழுக்கேறினால் அதிக வெப்பத்தில் பல மணி நேரம் ‘பேக் அவுட்’ செய்வதும் தான் மருந்து. குளோரோஃபார்ம் போன்ற குளோரின் கரைப்பான்களில் சாம்பிளைக் கரைத்துச் செலுத்தக் கூடாது. அழுக்காகிவிட்டது என்று இந்த டிடெக்டரைத் தாங்களே திறக்கவும் கூடாது. உள்ளே இருப்பது கதிரியக்கப் பொருள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகள் இதற்கு உண்டு. கசிவு இருக்கிறதா என்று ‘வைப் டெஸ்ட்’ எடுப்பதும் அவசியம்.

கோளாறு எப்போதும் டிடெக்டரில்தானா?

இல்லை. ஊசி குத்தும் இடத்தில் உள்ள ரப்பர் செப்டம், அதன் கீழே உள்ள கண்ணாடி லைனர், வாயுக் கசிவு ஆகியவற்றை முதலில் பார்ப்பதுதான் முறை. சில நூறு ரூபாய்ச் சாமான் சரியில்லாமல், லட்ச ரூபாய்க் கருவி தப்பு தப்பாக அளந்துகொண்டிருக்கும்.

ரிப்போர்ட் கையில் வந்தால் எதைக் கேட்கலாம்?

* ‘கண்டறியப்படவில்லை’ என்ற வரியின் பக்கத்தில், எந்த அளவு வரை கண்டறிய முடியும் என்ற எண் இருக்கிறதா? அது விதியின் வரம்புக்குக் கீழே இருந்தால்தான் அந்த வரிக்கு மதிப்பு.
* லேபின் என்ஏபிஎல் அங்கீகாரம், நீங்கள் கேட்ட அதே சோதனைக்கு உண்டா? அங்கீகாரம் சோதனை வாரியாகத்தான் தரப்படும்.
* அன்றைய ஓட்டத்தில், அளவு தெரிந்த பூச்சிமருந்தை வேண்டுமென்றே கலந்து சோதித்தார்களா? கலந்தது திரும்பக் கிடைத்தால் டிடெக்டர் விழிப்பாக இருக்கிறது என்று நம்பலாம்.
* சாம்பிளை எதில் பிடித்தார்கள்? பல பூச்சிமருந்துகள் பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பழைய தண்ணீர் பாட்டிலில் பிடித்துப் போனால் ஆற்றில் இருந்தது லேபுக்கே போய்ச் சேராது. பழுப்பு நிறக் கண்ணாடி பாட்டில், ஐஸ் பெட்டி, சீக்கிரம் கொண்டு சேர்ப்பது மூன்றும் முக்கியம்.

ரோஜா, காய்கறி, தொழிற்சாலை எல்லாம் ஒரே ஆற்றங்கரையில் இருக்கும் ஓசூர் போன்ற இடத்தில் இந்தக் கேள்விகளைக் கேட்க வேதியியல் பட்டம் வேண்டாம். நல்ல லேப் என்றால் நான்குக்கும் பதில் எழுத்திலேயே கிடைக்கும். கிடைக்காவிட்டால் இன்னொரு லேபில் மறுசோதனை செய்து பார்ப்பது நல்லது.