மூன்றாவது கதவு

1

2022 ஜூலை, ஆடிக் கிருத்திகை சமயம். திருத்தணி மலைக்குப் புஷ்பக் காவடி எடுத்துப் போகிற கூட்டம் ரயிலிலும் ரோட்டிலுமாக எங்கள் மணவூரைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. ரயிலடிக்குப் பக்கத்து டீக்கடையில் ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. இறங்கிய அம்மாவுக்கு அறுபது வயசிருக்கும். மஞ்சள் புடவை, காலில் கேன்வாஸ் ஷூ. தென்னாப்பிரிக்காவில் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸிலிருந்து வருவதாகச் சொன்னார். தமிழ் அவருக்குச் சாமி பெயர்களிலும் சாப்பாட்டுப் பெயர்களிலும் மட்டுமே மிஞ்சியிருந்தது. மற்றதெல்லாம் ஆங்கிலம். என் ஆங்கிலமும் அரைகுறை.

கையில் ஒரு ஜெராக்ஸ் தாள். நாட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டவர்களின் பதிவேட்டிலிருந்து ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள அடையாளம். அவருடைய தாத்தாவின் அப்பா அந்த வரியில் இருந்தார். ஜில்லா வடாற்காடு. கிராமத்தின் பெயர் யாரோ ஒரு குமாஸ்தாவின் காதில் விழுந்து கையில் சிதைந்திருந்தது. மணவூர் என்றும் படிக்கலாம், மணலூர் என்றும் படிக்கலாம்.

பெரியப்பா தாளை வாங்கி என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். சாதிக் கட்டத்தில் ‘பறையா’ என்று இருந்தது. அந்த அம்மாவின் பெயருக்குப் பின்னாலோ ‘பிள்ளை’ ஒட்டியிருந்தது. பெரியப்பா முகம் சுளிக்கவெல்லாம் இல்லை. “அப்ப நீங்க அந்தப் பக்கம் போய்க் கேக்கணும்மா” என்று காலனி இருக்கிற திசையைக் காட்டினார். மரியாதையாகத்தான் சொன்னார். டீக்குக் காசு வாங்கக்கூடாது என்று கடைக்காரரிடமும் சொல்லிவிட்டார்.

ஊர்ப் பெயரில் சந்தேகம் இருந்தது. சாதிப் பெயரில் இல்லை. நூறு வருஷத்துக்கு மேல் கழித்துக் கடல் தாண்டி வந்தவருக்கு அந்த ஒரு சொல்லை வைத்தே நாங்கள் விலாசம் கொடுத்துவிட்டோம். இதில் நான் வேடிக்கை பார்த்தவன் அல்ல. வாசித்துக் காட்டியவன் நான்தான். ஊர்ப் பக்கத்தில் பிறந்தவன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2

தென்னாப்பிரிக்கா என்றால் நம் மனதில் வருவது என்ன? காந்தி, ரயிலிலிருந்து தள்ளப்பட்டது, தில்லையாடி வள்ளியம்மை, பிறகு ஒரே தாவலில் மண்டேலா. நடுவே உள்ள எண்பது வருஷம் நம் பாடப்புத்தகத்தில் கிடையாது. 1914 பிப்ரவரி 22ல் சிறைக் காய்ச்சலோடு செத்துப்போன பதினாறு வயதுப் பெண்ணின் பெயரைச் சென்னையில் ஒரு கட்டடத்துக்கு வைத்திருக்கிறோம். நல்லதுதான். ஆனால் தியாகியின் கதைக்குள் முழுச் சமூகத்தையும் அடைத்துவிட்டால், அந்தச் சமூகம் வேறு என்னவெல்லாம் செய்தது என்று கேட்கத் தோன்றாமல் போகிறது.

கணக்கைப் பார்ப்போம். 1860 நவம்பர் 16ல் ‘ட்ரூரோ’ கப்பல் சென்னையிலிருந்து டர்பன் போய்ச் சேர்ந்தது. அதில் தொடங்கி 1911 வரை நாட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் 1,52,184 பேர். மூன்றில் இரண்டு பங்குபோல் சென்னை மாகாணத்தார், தமிழும் தெலுங்கும் பேசியவர்கள். கரும்புத் தோட்டம், நிலக்கரிச் சுரங்கம், ரயில்வே. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கினால் ஆளுக்கு வருஷம் மூன்று பவுன் வரி என்று 1895ல் சட்டம் போட்டார்கள். மறுபடி ஒப்பந்தத்துக்குள் தள்ளுவதற்கான வழி அது. 1913 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு 1914ல்தான் அந்த வரி ஒழிந்தது.

போனவர்கள் தங்களோடு எடுத்துப்போனதில் பலவும் இன்னும் இருக்கின்றன. ஆடிக் கூழுக்கு அங்கே ‘போரிட்ஜ் பிரேயர்’ என்று பெயர். இசிப்பிங்கோ மாரியம்மன் கோவிலில் பெரிய திருவிழா ஈஸ்டர் சமயத்தில் நடக்கிறது, தோட்டத்தில் லீவு கிடைத்தது அப்போதுதான் என்பதால். நாயுடு, பிள்ளை, மூட்லி, கவுண்டரிலிருந்து வந்த கவெண்டர், படையாச்சி ஆகிய சாதிப் பட்டங்களெல்லாம் அங்கே குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன. கப்பலிலும் தோட்டத்து லைன் வீடுகளிலும் தீட்டுப் பார்க்க முடியவில்லை. புதுத் துறைமுகத்தில் இறங்குகிறவன் தன் பட்டத்தைத் தானே சூட்டிக்கொண்டால் யார் விசாரிக்கப் போகிறார்கள்? அந்த அம்மாவின் ‘பிள்ளை’ அப்படி வந்ததாக இருக்கலாம். அதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனமில்லை. பதிவேட்டின் ஒரு கட்டத்திலிருந்து தப்பிக்க ஒருவர் எடுத்த முடிவு அது.

சாதியிலிருந்து தப்பியவர்கள் அங்கே எதற்குள் போய் நின்றார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

3

டர்பன் தபால் ஆபீசுக்கு ஒரு காலத்தில் இரண்டு கதவுகள் இருந்தன. ஒன்று வெள்ளைக்காரருக்கு. இன்னொன்று ஆசியர்களுக்கும் ஆப்பிரிக்கர்களுக்கும். இதை எதிர்த்து காந்தியும் நாட்டால் இந்தியக் காங்கிரசும் மனு போட்டார்கள். மனு ஜெயித்தது. கிடைத்தது மூன்றாவது கதவு. 1895 வாக்கில் வெள்ளையருக்கு ஒன்று, ஆசியருக்கு ஒன்று, ஆப்பிரிக்கருக்கு ஒன்று என்றாயிற்று. இந்த வெற்றியைக் காங்கிரசே தன் அறிக்கையில் பெருமையாகப் பதிவு செய்தது.

இந்தத் தபால் ஆபீஸ் எனக்கு ஒரு கட்டடமாக மட்டும் தெரியவில்லை. அடுத்த நூறு வருஷத்து அரசியலின் வரைபடம் அதில் இருக்கிறது. 1950ல் குடியிருப்புப் பகுதிச் சட்டம் வந்தது. நிறத்துக்கு ஒரு வட்டாரம் என்று நகரத்தைக் கூறு போட்டார்கள். கேட்டோ மேனரில் இருந்த இந்தியர்களைப் பெயர்த்து, 1960களில் சாட்ஸ்வொர்த்தில் கொண்டுபோய் வைத்தார்கள். அது இருப்பது வெள்ளையர் பகுதிக்கும் ஆப்பிரிக்கரின் உம்லாசிக்கும் நடுவே. 1976ல் ஃபீனிக்ஸ். அதன் பக்கத்தில் ஆப்பிரிக்கரின் குவாமாஷுவும் இனாண்டாவும். 1984ல் நாடாளுமன்றத்துக்கே மூன்று அவைகள் வைத்தார்கள். வெள்ளையருக்கு ஒன்று, கலப்பினத்தவருக்கு ஒன்று, இந்தியருக்கு ஒன்று. பெரும்பான்மையான ஆப்பிரிக்கருக்கு ஒன்றுமில்லை.

அம்பேத்கர் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்: படிநிலைப்பட்ட சமத்துவமின்மை. மேலே ஒருவன், கீழே ஒருவன் என்றால் கீழே இருப்பவன் என்றைக்காவது எழுந்துவிடுவான். நடுவில் படிகள் வைத்துவிட்டால், நடுப்படியில் நிற்கிறவன் மேலே பார்த்துப் பொருமுவான். கீழே பார்த்துப் பயப்படுவான். தான் இழக்க ஒரு படி இருக்கிறது என்ற பயமே அவனைக் காவல்காரன் ஆக்கிவிடும். சாதியைப் பற்றி அவர் சொன்னதை நிறவெறி அரசு கட்டடமாகவே கட்டிக் காட்டியது.

எல்லாரும் அந்தக் கதவு வழியே போய்விடவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அநியாயம். 1947ல் மூன்று டாக்டர்கள் (சூமா, தாதூ, மான்டி நாய்க்கர்) ஆப்பிரிக்கரும் இந்தியரும் ஒன்றாகப் போராடுவதற்கான உடன்பாட்டில் கையெழுத்திட்டார்கள். ஸ்டீவ் பிகோவின் கறுப்புணர்வு இயக்கம் இந்தியரையும் ‘கறுப்பர்’ என்றே அழைத்தது. டர்பன்காரர் ஸ்ட்ரினி மூட்லி அந்தப் பெயரை ஏற்றுக்கொண்டு ராபன் தீவுச் சிறைக்குப் போனார். 1984ல் இந்திய அவைக்கான தேர்தலில் பதிவு செய்த வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்கு அளவே ஓட்டுப் போட்டார்கள். மற்றவர்கள் புறக்கணித்தார்கள்.

ஆனால் மறுபக்கமும் வரலாறுதான். 1949 ஜனவரியில் ஒரு ஆப்பிரிக்கச் சிறுவன் இந்தியக் கடையொன்றில் அடிபட்டதில் தொடங்கிய கலவரத்தில் 142 பேர் இறந்தார்கள். இறந்தவர்களில் ஆப்பிரிக்கரே அதிகம். 1994ல் எல்லாருக்கும் ஓட்டு வந்த முதல் தேர்தலில், இந்திய வாக்காளர்களில் பெரும்பகுதி நிறவெறியைக் கொண்டுவந்த தேசியக் கட்சிக்கே ஓட்டுப் போட்டது என்பது ஆய்வாளர்களின் பொதுவான முடிவு. பத்து வருஷம் முந்திப் புறக்கணித்தவர்கள் ஏன் இப்படிச் செய்தார்கள்? கதவுகள் எல்லாம் ஒன்றாகப்போகிற நாளில், மூன்றாவது கதவின் சாவி வைத்திருந்தவனுக்குத்தான் கை நடுங்குகிறது.

4

நான் அந்த அம்மாவோடு காலனிக்குப் போனேன். ஒரு ஆயா தண்ணீர் கொடுத்தார். கரண்ட் போயிற்று. அந்த அம்மா சிரித்துக்கொண்டே “லோட் ஷெட்டிங்” என்றார். அவர் ஊரில் தினம் பேசுகிற வார்த்தை அது. அடுத்த வருஷம், 2023ல், அந்த நாட்டில் 300 நாட்களுக்கு மேல் மின்வெட்டு இருந்தது. அந்த 2022 ஏப்ரலில்தான் 400 பேருக்கு மேல் செத்த வெள்ளம் வந்து, டோங்காட் பக்கம் மாதக்கணக்கில் தண்ணி லாரிக்குக் காத்துக் கிடந்திருக்கிறார்கள்.

ஆயா அந்தத் தாளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. “உங்க ஊர்லயும் ரெண்டு பக்கம் உண்டாம்மா?” என்று கேட்டார். நான் மொழிபெயர்த்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு முந்தின வருஷத்து ஜூலையைப் பற்றிச் சொன்னார்.

2021 ஜூலை 7ல் முன்னாள் அதிபர் ஜூமா நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறைக்குப் போனார். அடுத்த சில நாட்களில் குவாசுலு-நாட்டாலிலும் ஜோகன்னஸ்பர்க் பக்கமும் மால்களும் கிடங்குகளும் சூறையாடப்பட்டன. 350 பேருக்கு மேல் இறந்தார்கள். போலீஸ் கைவிட்ட நிலையில் தெருத்தெருவாகத் தடுப்பு வைத்துக் காவல் நின்றார்கள். ஃபீனிக்ஸில் அந்தத் தடுப்புகளை ஒட்டி ஆப்பிரிக்கர்கள் மறிக்கப்பட்டார்கள், அடிக்கப்பட்டார்கள், சுடப்பட்டார்கள். அந்தப் பகுதியில் மட்டும் 36 சாவுகள், பெரும்பாலும் ஆப்பிரிக்கர். நவம்பரில் மனித உரிமை ஆணையம் விசாரணை நடத்தியது.

“எங்கள் வீடு எரிந்துவிடும் என்று நிஜமாகவே பயந்தோம்” என்றார். அவருடைய மகனும் தடுப்பில் நின்றிருக்கிறான். வேலை முடிந்து அந்த வழியாகத் தினமும் நடந்து வீட்டுக்குப் போகிற ஒரு பையனை நிறுத்தி, எங்கே போகிறாய், யாரைத் தெரியும் என்று கேட்டிருக்கிறார்கள். அவன் முகம் இவருக்குத் தெரிந்த முகம். “எனக்கு அவனைத் தெரியும் என்று நான் சொல்லவில்லை. நான் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.” அந்தப் பையன் அன்றைக்கு என்ன ஆனான் என்று அவருக்குத் தெரியாது. நானும் அதற்கு மேல் கேட்கவில்லை.

காந்தி 1904ல் தொடங்கிய ஃபீனிக்ஸ் குடியிருப்பு அவர் வீட்டிலிருந்து கிட்டத்தான். 1985 ஆகஸ்ட் கலவரத்தில் அது எரிந்தது. அதைச் சுற்றி ஆப்பிரிக்க ஏழைகள் குடிசை போட்ட இடத்துக்குப் பெயர் பாம்பாயி. பம்பாயிலிருந்து வந்த பெயர் என்கிறார்கள்.

5

இதையெல்லாம் படித்துவிட்டு ‘தென்னாப்பிரிக்கத் தமிழர் இனவெறியர்’ என்று தீர்ப்பு எழுதிவிட்டுப் போவது சுலபம். அவர்களின் பயம் பொய்யில்லை. எரிந்த கடைகளும் பொய்யில்லை. 1999 வாக்கில் சாட்ஸ்வொர்த் அடுக்குக் குடியிருப்புகளில் வாடகை பாக்கிக்காக ஆட்களை வெளியே தள்ள வந்தபோது, இந்திய ஏழைகளும் ஆப்பிரிக்க ஏழைகளும் சேர்ந்து நின்று தடுத்ததும் உண்மைதான். பிரச்சினை ஆட்களின் குணத்தில் இல்லை, படியில் இருக்கிறது.

அந்தப் படி இங்கே இல்லையா? மதுரைப் பக்கம் உத்தப்புரத்தில் 1989ல் எழுப்பிய தீண்டாமைச் சுவரில் வழி உடைக்க 2008 மே 6 வரை ஆயிற்று. அந்தச் சுவருக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் பிள்ளைமார். அந்த அம்மாவின் முன்னோர் டர்பன் துறைமுகத்தில் சூட்டிக்கொண்ட அதே பட்டம். 2001ல் ஐ.நா.வின் இனவெறி எதிர்ப்பு மாநாடு அதே டர்பனில் நடந்தபோது, சாதியையும் பேசவேண்டும் என்று தலித் அமைப்புகள் கேட்டன. சாதி வேறு, இனம் வேறு என்று இந்திய அரசு மறுத்தது. வேறுதான். ஆனால் தபால் ஆபீசுக்கு எத்தனை கதவு வைப்பது என்ற கணக்கு இரண்டிலும் ஒன்றாகத்தான் இருக்கிறது. தமிழகத்தின் நடுப்படிச் சாதிகளில் பிறந்த நாம், பிராமணியத்தை எதிர்த்து நூறு வருஷமாக மனு போட்டோம். ஜெயித்தோம். நமக்குக் கிடைத்தது எந்தக் கதவு என்று கேட்டுக்கொண்டோமா?

2024 மே தேர்தலில் மண்டேலாவின் கட்சி முதல் தடவையாகப் பெரும்பான்மையை இழந்து கூட்டணிக்குப் போனது. ஜூமாவின் புதுக் கட்சி குவாசுலு-நாட்டாலில் முதலிடம் பிடித்தது. ஃபீனிக்ஸ்காரர்கள் மறுபடியும் பயத்தோடு கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்கள்.

காலனியில் யாருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை. போகும்போது அந்த அம்மா ஆயாவின் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். கார் கிளம்பிய பிறகு நான் திரும்பி வந்தேன். டீக்கடையில் பெரியப்பா உட்கார்ந்திருந்தார். “என்னப்பா, கிடைச்சாங்களா அவங்க ஆளுங்க?” என்றார். இல்லை என்றேன். ‘அவங்க ஆளுங்க’ என்று ஏன் சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து டீ குடித்தேன்.