கிரேட் 10 பிள்ளையின் பாடத் தெரிவு: கடைசி எழுத்தைக் கவனியுங்கள்

ரொறன்ரோவில் கிரேட் 10 பிள்ளை இருக்கிற வீடுகளுக்கு ஜனவரி, பெப்ரவரி என்றால் பொங்கலும் தமிழ் மரபுத் திங்களும் மட்டும் இல்லை. அடுத்த வருடப் பாடத் தெரிவும் அப்போதுதான் வரும். பிள்ளை மைபுளூபிரிண்டில் 8 பாடங்களைத் தெரிவு செய்து எங்கட ஒப்புதலுக்கு நீட்டும். வேலையால் களைத்து வந்த நேரத்தில் "சரி, சரி" என்று விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள்.

நாங்கள் இங்கேயே படித்தவர்கள், எங்களுக்குத் தெரியாததா என்று நினைப்போம். ஆனால் நாங்கள் படித்த பள்ளிக்கூடம் இப்போது இல்லை. கிரேட் 13 என்று சொன்ன ஓ.ஏ.சி. 2003இல் போய்விட்டது. கிரேட் 9இலேயே பிள்ளைகளை அக்கடமிக், அப்ளைட் என்று பிரிக்கிற வழக்கம் 2021இல் கணிதத்திலும் 2022இல் மற்றப் பாடங்களிலும் நின்றுவிட்டது. இப்போது பெரிய பிரிவு வருவது கிரேட் 11இல்தான். அதைத்தான் கிரேட் 10 பிள்ளை இந்த மாதங்களில் தெரிவு செய்கிறது.

பாடக் குறியீட்டின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'யூ' என்றால் பல்கலைக்கழகம், 'சி' என்றால் கொலிஜ், 'எம்' என்றால் இரண்டுக்கும், 'ஈ' என்றால் நேரே வேலைக்கு. கிரேட் 11 கணிதத்தில் 'சி' எடுத்த பிள்ளை, எஞ்சினியரிங் கேட்கிற கிரேட் 12 கால்குலஸுக்கு நேரே போகேலாது. பிறகு கோடைகாலப் பள்ளியிலோ இரவுப் பள்ளியிலோ திருத்தலாம். ஆனால் அதற்கு ஒரு வருடம்கூடப் போகலாம்.

இந்தப் பயத்தால்தான் நாங்கள் அநேகம் பேர் எல்லாவற்றுக்கும் 'யூ' போடச் சொல்லிவிட்டு, பள்ளிக்கூடத்தில் இருக்கிற மற்ற நல்ல திட்டங்களின் பக்கமே திரும்புவதில்லை. அதில் முதலாவது, ஸ்பெஷலிஸ்ட் ஹை ஸ்கில்ஸ் மேஜர். சுருக்கமாக எஸ்.எச்.எஸ்.எம்.

எங்கட மகளுக்கு மின்சார வேலையில் ஆசை. கட்டுமானத் துறை எஸ்.எச்.எஸ்.எம். எடுக்கப் போறன் என்று சொன்னாள். மாமிக்கு முகம் மாறிவிட்டது. "பொம்பிளைப் பிள்ளை வயர் இழுக்கவோ நாங்கள் இவ்வளவு தூரம் வந்தனாங்கள்?" என்று கேட்டா. "அம்மம்மா, எஞ்சினியருக்கும் வயர் எங்க போகுது எண்டு தெரியத்தானே வேணும்" என்றாள் மகள். எலக்ரீசியனா எஞ்சினியரா என்று அவளே இன்னும் முடிவு செய்யவில்லை. பதினைந்து வயதில் முடிவு செய்யவும் தேவையில்லை. இரண்டு வழியையும் திறந்து வைக்க முடியுமா என்பதுதான் என்னுடைய கேள்வி.

மாமியின் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கு. 1915இல் தன் கட்டடத்தைத் திறந்த சென்ட்ரல் டெக்னிக்கல் ஸ்கூல் மாதிரி, இந்த நகரத்தில் தொழிற்கல்விக்குத் தனிப் பள்ளிக்கூடங்களே இருந்தன. 'படிக்கிற பிள்ளை' ஒரு பக்கம், 'கைவேலைப் பிள்ளை' மற்றப் பக்கம். 2006இல் தொடங்கிய எஸ்.எச்.எஸ்.எம். அப்படிப் பிரிக்கிறதில்லை. பல்கலைக்கழகம், கொலிஜ், அப்ரென்டிஸ்ஷிப், வேலை என்று நாலு வழியில் போகிற பிள்ளைகளும் இதை எடுக்கலாம். சுகாதாரம், கணினி, வணிகம், விமானத் துறை, கலை என்று பல துறைகள் உண்டு. ஆனால் எல்லாப் பள்ளியிலும் எல்லாத் துறையும் இல்லை.

இதில் என்ன இருக்கு? கிரேட் 11, 12இல் துறை சார்ந்த 8 முதல் 10 கிரெடிட். அதற்குள் ஆங்கிலம், கணிதம் மாதிரிப் பாடங்களும் அடங்கும். கூடவே முதலுதவி, வேலைத்தளப் பாதுகாப்பு போன்ற சான்றிதழ்கள். கோ-ஒப் 2 கிரெடிட், அதாவது 220 மணித்தியாலம், அதில் பெரும்பகுதி உண்மையான வேலைத்தளத்தில். முடித்தால் டிப்ளோமாவில் சிவப்பு முத்திரை. கோ-ஒப் செய்கிற பிள்ளை தகுதி இருந்தால் ஒன்ராறியோ இளையோர் அப்ரென்டிஸ்ஷிப் திட்டத்திலும் பதியலாம். எலக்ரீசியனாக வர ஏறக்குறைய 9,000 மணித்தியாலம் வேண்டும். அந்தக் கணக்கைப் பள்ளிக்கூடத்திலேயே தொடங்கலாம்.

இனிக் கணக்குக்கு வருவோம். டிப்ளோமாவுக்கு 30 கிரெடிட், 40 மணித்தியாலத் தொண்டு, எழுத்தறிவுத் தேர்வு. வருடத்துக்கு 8 என்று நாலு வருடத்தில் 32 கிரெடிட் எடுக்கலாம். ஒன்ராறியோப் பல்கலைக்கழகங்கள் பொதுவாகப் பார்ப்பது கிரேட் 12இன் சிறந்த ஆறு 'யூ' அல்லது 'எம்' பாடங்களை. கோ-ஒப் அந்த ஆறில் சேராது. கோ-ஒப்பைக் கிரேட் 12இல் வைத்தால் மிச்சம் இருப்பது சரியாக ஆறு இடம். ஒரு பாடம் சறுக்கினாலும் ஈடுகட்ட வேறு இல்லை. கிரேட் 11இல் வைத்தால் ஆங்கிலம், பங்ஷன்ஸ், பௌதிகம், இரசாயனம் நாலும் 'யூ'வாக, கோ-ஒப் இரண்டு, மின்சாரமும் கட்டுமானமும் இரண்டு. எட்டும் சரி. கிரேட் 12இல் எட்டு இடமும் கையில் இருக்கும்.

இந்தக் கணக்கைத் தாளில் எழ்திக் காட்டிய பிறகு மாமி ஒன்றும் சொல்லவில்லை. "220 மணித்தியாலமும் ஆர் கூட்டிக்கொண்டு போய் வாறது?" என்று மட்டும் கேட்டா. அதுவும் நியாயமான கேள்விதான். கோ-ஒப் இடம் எங்கே, எந்த பஸ்ஸில் போவது என்பதை முன்கூட்டியே கேட்டு வைக்க வேணும்.

நீங்கள் கவுன்சிலரிடம் கேட்க வேண்டியவை நாலு. இந்தப் பள்ளியில் எந்தெந்தத் துறைக்கு எஸ்.எச்.எஸ்.எம். இருக்கு? கோ-ஒப்பைக் கிரேட் 11இலேயே செய்யலாமா? சான்றிதழ்களுக்குக் காசு கட்ட வேணுமா? பிள்ளை நடுவில் மனம் மாறினால் எந்தக் கிரெடிட் வீணாகும்? 'சி' அல்லது 'ஈ' பாடத்தை அவர்களே பரிந்துரைத்தால், காரணத்தைக் கேளுங்கள். மார்க்கா, பிள்ளையின் விருப்பமா, அல்லது யாரோ போட்ட கணிப்பா?

கவுன்சிலருக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகள். உங்களுக்கு ஒன்றோ இரண்டோதான். ஒரு சனிக்கிழமை பின்னேரம் தேத்தண்ணியோடு பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து, எட்டுப் பாடத்தையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். "இது ஏன் எடுக்கிறாய்?" என்று கேளுங்கள். அதற்குப் பிள்ளை சொல்கிற பதிலை வைத்துத்தான் மிச்சத்தைத் தீர்மானிக்க முடியும்.